பேட்டரியில் கொதித்த ரசம்

என் மச்சானும் நானும் லாரியில் போட்ட சண்டைகளில் முக்கால்வாசி சோற்றுக்காக, மிச்சம் ரசத்துக்காக. வெறும் வாய்ச்சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். அவன் அகப்பையால் அடிப்பான், நான் கையில் கிடைத்ததை வைத்து அடிப்பேன். ஒருமுறை வட்டவளையில் நடுரோட்டில் கட்டிப் புரண்டோம். பின்னால் வந்த பஸ் டிரைவர் இறங்கி வந்து, இரண்டு பேர் தலையிலும் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனார். சோறு குழைந்துவிட்டது என்று நான் சொன்னதுதான் காரணம்.

அவன் என் மனைவியின் அண்ணன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. கல்யாணம் கட்டவில்லை, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் இருந்தான். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் லாரி டிரைவர், அவன் கிளீனர். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷம் ஆகியிருந்தது, தோட்டத்து பங்களாவில் மட்டும் வெள்ளைக்காரத் துரை இருந்த இடத்திலேயே இருந்தார். லாரி, உலகச் சண்டையில் பட்டாளம் ஓட்டித் தேய்த்துப் போட்டது. ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக் கொழும்புக்கு இறங்குவோம். திரும்பும்போது அரிசியும் மாவும் உரமும் ஏற்றி வருவோம். ஏற்றத்தில் அந்தக் கிழட்டு லாரி மாட்டு வண்டியிடம் தோற்கும்.

வழியில் கடை இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. முதலில் கடையில்தான் சாப்பிட்டோம். கொழும்பில் பெட்டி இறக்கும் ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு சைவக் கடை. முதலாளி தமிழர், நெற்றி நிறைய விபூதி. முன்மேசையில் போய் உட்கார்ந்தோம். அவர் எங்கள் வெறுங்காலைப் பார்த்தார், பேச்சைக் கேட்டார்.

“தோட்டக்காட்டானுக்குப் பின்னால இடம் இருக்கு, எழும்பு” என்றார்.

தோட்டக்காட்டான். தோட்டத்திலிருந்து வந்த காட்டு ஆள். மலைக்கு வெளியே இருந்த தமிழர் பலர் எங்களுக்கு வைத்திருந்த பெயர் அது. அவர்கள் கணக்கில் நாங்கள் தமிழர்களே இல்லை. மச்சான் எழுந்தான். பின்னால் போகத்தான் எழுந்தான் என்று முதலாளி நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். அவன் சாம்பார் வாளியில் கிடந்த கரண்டியை எடுத்து அவர் வாயிலேயே ஒரு போடு போட்டான். பல் தெறித்தது. கடையே எழுந்து எங்களை விரட்டியது. லாரியில் ஏறி உயிர் தப்பிய பிறகு, சட்டையெல்லாம் சாம்பாரோடு, “இனி கடச்சோறு என் தொண்டையில எறங்குச்சுன்னா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல” என்று சத்தியம் பண்ணினான். சொன்னால் சொன்னதுதான், அப்படி ஒரு முரடன்.

அன்றிலிருந்து லாரியே எங்கள் குசினி. முதலில் பம்பு அடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று வாங்கினோம். அது ஒருநாள் வெடித்து என் புருவத்தைக் கொண்டுபோனது. அதையும் தட்டி நிமிர்த்தி மறுபடி பற்றவைத்தோம். ஆனால் தேயிலைத்தூளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். எங்கள் பெட்டிகளில் ஒரு வரிசை மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கிறது என்று கொழும்பிலிருந்து திரும்பி வந்துவிட்டது. ஃபேக்டரியில் தூளுக்குப் பொறுப்பான டீமேக்கர் லாரியைக் குடைந்து, அடுப்பைக் கண்டுபிடித்து, பூட்ஸ் காலால் ஒரே உதை உதைத்தார். அது பாறையில் மோதி மோதி ஓடையில் போய் விழுந்தது. “இன்னொரு வாட்டி நெருப்பு, எண்ணெய்னு எதையாச்சும் லாரியில கண்டேன், ரெண்டு பேருக்கும் பத்துச்சீட்டுதான்” என்றார்.

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டு நீக்கும் காகிதம். அது கைக்கு வந்தால் வேலை மட்டும் போகாது. குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும், அரிசி போகும், நிற்க இடம் போகும். சுதந்திரம் வந்த கையோடு எங்கள் குடியுரிமையையும் பறித்துவிட்டிருந்தார்கள். அதனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே பெண்டு பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிடும். மச்சான் மட்டும் பல்லைக் காட்டினான். “பசி வந்தா பத்தும் பறக்கும்பாங்க மச்சான், நமக்கு பத்துச்சீட்டுல பறக்குது!” நான் அவன் பிடரியில் ஒன்று வைத்தேன்.

ஆனால் அவன் சும்மா இருக்கும் ஜாதி இல்லை. லாரிக்கு வருமுன் ஃபேக்டரி எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவன், கம்பியைக் கண்டால் கை ஊரும். பங்களாக் குப்பையில் கிடந்த பழைய கரண்ட் அயன் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த சுருள் கம்பியை எடுத்து, வெட்டிக் குட்டையாக்கினான். உடைந்த கூரையோட்டில் கோடு கீறி அதற்குள் கம்பியைப் பதித்தான். இரண்டு தடித்த வயரை இழுத்து லாரியின் பேட்டரியில் மாட்டினான். கம்பி மெல்ல மெல்லச் சிவந்தது. நெருப்பில்லை, எண்ணெயில்லை, புகையில்லை. “எந்த டீமேக்கர் வந்து மோந்து பாக்குறான்னு பாப்போம்” என்று தொடையைத் தட்டினான்.

அதற்குப் பிறகு ஓடுகிற லாரியிலேயே சமையல். திரும்பி வரும்போது கித்துல்கலையில் உலை வைத்தால் கினிகத்தேனையில் வடிக்கலாம். அவன் கால்களுக்கு நடுவே பானையை இடுக்கி, மூடியைக் கயிற்றால் கட்டிப் பிடித்திருப்பான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கொதிநீர் அவன் காலில் சிந்தும், அவன் என் பரம்பரையையே திட்டுவான். நான் ஒரே ஒரு சட்டம்தான் போட்டேன். எஞ்சின் நின்றிருக்கும்போது அந்தக் கம்பியை மாட்டக் கூடாது. எஞ்சின் ஓடினால்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். நிறுத்திவிட்டுச் சமைத்தால் பேட்டரி செத்துவிடும், அப்புறம் செல்ஃப் அடிக்காது, லாரி ஸ்டார்ட் ஆகாது. ஒருநாள் அதை மீறினான். நான் ரசத்தை எட்டி உதைத்தேன், அவன் அகப்பையால் என் மூக்கை உடைத்தான். அதோடு அவனும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டான். அப்படித்தான் நானும் நம்பியிருந்தேன்.

அப்புறம் கலவர வருஷம் வந்தது. கீழ்நாட்டில் சிங்களவர் தமிழர்களை அடிக்கிறார்கள், கடைகளைக் கொளுத்துகிறார்கள் என்று அட்டனில் பேசிக்கொண்டார்கள். நாங்கள் போக மாட்டோம் என்றோம். பெட்டி போய்த்தான் ஆக வேண்டும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். போகாவிட்டால் என்ன நடக்கும் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

கிளம்பும்போது என் மனைவி லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தாய் தகப்பன் கிடையாது, அவளைத் தூக்கி வளர்த்தவன் அவன்தான்.

“இந்தாங்க, நீங்க ரெண்டு பேருமே ஆத்திரக்காரங்க. யாரு என்ன சொன்னாலும் வாயத் தொறக்காம வாங்க. எங்கண்ணன உசுரோட கொண்டாந்து என் கையில ஒப்படைக்கணும். அவரு இல்லாம நீங்க மட்டும் வந்தா, இந்த லயத்துப் படி ஏறாதீங்க, சொல்லிட்டேன்.”

“அடி போடி, புருஷன் செத்தா பரவால்லியா ஒனக்கு?” என்றேன்.

“நீங்க சாவ மாட்டீங்க. ஒங்கள எமன் கூட வேணாம்பான்” என்றாள். சிரித்தோம். ஆனால் அவள் கதவை விடவில்லை. நான் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்த பிறகுதான் விட்டாள்.

கொழும்பில் பெட்டிகளை இறக்கும்வரை ஒன்றும் நடக்கவில்லை. தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. எங்கோ புகை எழுந்தது. அரிசி மூட்டைகளை அவசரமாக ஏற்றிக்கொண்டு திரும்பினோம். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. நிற்காமல் ஓட்டினேன், எங்கும் நிற்கவே கூடாது என்றிருந்தேன். ஆனால் கித்துல்கலை தாண்டி ஏற்றம் ஏறும்போது ரேடியேட்டர் கொதித்து, முன்னாலெல்லாம் ஆவி மறைத்தது. எஞ்சினை ஆறப் போடாமல் ஓட்டினால் அடியோடு போய்விடும். ஒரு வளைவில் ஓரங்கட்டி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, தண்ணீர் மொள்ள வாளியோடு கீழே ஓடைக்கு இறங்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஓடைக்கரை வழுக்கியது, ஏறி வர நேரமாகிவிட்டது.

வந்தபோது பெருங்காய வாசனை அடித்தது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தண்ணீரை ரேடியேட்டரில் கொட்டிவிட்டு, வாளியை எறிந்து கதவைத் திறந்தேன். ரசம் தளதளவென்று கொதிக்கிறது, மகராசன் மல்லித்தழை கிள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

“அட நாசமாப் போறவனே! எஞ்சின நிப்பாட்டிட்டு மாட்டாதன்னு எத்தன வாட்டி சொன்னேன்?”

“வயித்தக் கிள்ளுது மச்சான். நீயும் பட்டினி, நானும் பட்டினி. ஒரு கொதிதானே.”

கன்னத்தில் அறைந்தேன். அவன் அகப்பையை ஓங்கினான். அந்த நேரத்தில் வளைவுக்கு மேலே ஆட்கள் தெரிந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். கையில் தடி, கத்தி, ஒருவனிடம் அலவாங்கு என்கிற கடப்பாரை. ஓங்கிய அகப்பை அப்படியே நின்றது.

நான் தாவி ஏறி செல்ஃபை அழுத்தினேன். டக் என்றது. இன்னொரு தரம் அழுத்தினேன். அந்த டக் கூட இல்லை. பின்னால் உருட்டி ஸ்டார்ட் எடுக்கலாம் என்றால் பின்னால் வளைவு, வளைவுக்குப் பின்னால் பள்ளம். ஒரே வழிதான் இருந்தது. யாராவது இறங்கி, லாரியின் மூக்கில் இரும்பு ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும். அந்த ஆட்கள் வருவதும் அதே மூக்குக்கு முன்னால்தான்.

“நான் மாட்டினேன், நானே சுத்துறேன்” என்று மச்சான் ஹேண்டிலை எடுத்துக்கொண்டு குதித்தான். நான் பிடிக்கப் போனேன், சட்டைதான் கையில் கிழிந்து வந்தது.

அவர்கள் நெருங்கிவிட்டார்கள். அலவாங்குக்காரன் முன்னால் வந்து, “கவுத உம்பலா?” என்றான். நீங்கள் யார் என்று கேட்கிறான். மச்சானுக்குச் சிங்களம் நன்றாக வரும். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏதாவது ஆகியிருக்குமா, எனக்குத் தெரியாது. அவன் நிமிர்ந்து, பயமே இல்லாமல், “அபி வத்தே மினிஸ்ஸு” என்றான். நாங்கள் தோட்டத்து ஆட்கள்.

அந்தப் பைத்தியக்காரன் அதைத் தப்பிக்கிற வழி என்று நினைத்துச் சொன்னான்! ஏன் நினைக்க மாட்டான்? கொழும்புத் தமிழன் எங்களைத் தமிழன் இல்லை என்றுதானே பின்னால் போகச் சொன்னான். இது சிங்களவருக்கும் அந்தத் தமிழருக்கும் உள்ள சண்டை, தோட்டக்காட்டானுக்கு இதில் என்ன என்று நானும்தான் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன்.

“தெமளு!” என்று ஒருவன் கத்தினான். அந்த நிமிஷம்தான் நாங்கள் தமிழர் ஆனோம்.

முதல் தடி மச்சானின் முதுகில் விழுந்தது. அவன் திரும்பவே இல்லை. குனிந்து ஹேண்டிலைச் சுற்றினான். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், எஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது கை முறிந்துவிடும். அவனுக்குத் தெரியாததா? அடி விழுகிற வேகத்தில் இறுக்கிப் பிடித்துவிட்டான். எஞ்சின் உதைத்தது. எலும்பு முறிந்த சத்தம் ஸ்டியரிங்கில் இருந்த எனக்குக் கேட்டது. மணிக்கட்டு துணியாகத் தொங்கியது. ஒருவன் கல்லைத் தூக்கி அடித்ததில் முன்கண்ணாடி உடைந்து என் மடியில் கொட்டியது. அந்த ஓட்டை வழியாக நான் பார்த்துக்கொண்டே இருக்க, அவன் ஹேண்டிலை இடது கைக்கு மாற்றினான். மண்டையில் வெட்டு விழுந்து கண்ணில் ரத்தம் இறங்குகிறது. “ஆக்சிலேட்டர மிதிடா டேய்!” என்று கத்திக்கொண்டே சுற்றினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அவன் அங்கேயே விழுந்தான்.

சோக்கை இழுத்துவிட்டு, எஞ்சின் ஓட ஓட நான் ரசப்பானையைத் துணியோடு தூக்கிக்கொண்டு குதித்தேன். அலவாங்குக்காரன் மச்சானின் மேல் ஓங்கிக்கொண்டு நின்றான். பானையை அப்படியே அவன் முகத்தில் கவிழ்த்தேன். அவன் போட்ட சத்தத்தில் மற்றவர்கள் பின்வாங்கினார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. கீழே கிடந்த ஹேண்டிலை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினேன். யார் மேல் பட்டது, எங்கே பட்டது என்று பார்க்கவில்லை. ஒருவன் என் தோளில் வெட்டினான், அவனுடைய காதைக் கடித்தேன். மச்சானை வேட்டியோடும் தலைமயிரோடும் பிடித்து இழுத்து, மூட்டையைப் போல உள்ளே தள்ளி, ஹேண்டிலையும் உள்ளே எறிந்துவிட்டு, ஏறி கியரைப் போட்டேன். கல்லைச் சக்கரத்திலிருந்து எடுக்கவில்லை. ஏற்றம்தானே, லாரி முன்னால் ஏறிவிட்டது. முன்னால் நின்றவர்கள் ரோட்டோரத்துக்குத் தாவினார்கள். தாவாமல் நின்றிருந்தாலும் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.

கினிகத்தேனை வந்த பிறகுதான் அவன் கண்ணைத் திறந்தான்.

“மச்சான், ரசம் என்னாச்சு?”

“ஒங்கப்பன் தலையில ஊத்திட்டேன்.”

“உப்பு போடல அதுக்கு” என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டிக்கொண்டே அழுதேன்.

அட்டன் ஆஸ்பத்திரியில் மண்டைக்குத் தையல் போட்டுக் கையைக் கட்டி அனுப்பினார்கள். லயத்துக்குக் கொண்டுவந்து அவளிடம் விட்டேன். “இந்தா ஒங்கண்ணன், எண்ணி எடுத்துக்க” என்றேன். அவள் அவன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் படபடவென்று அடித்தாள், பிறகு என்னை அடித்தாள், பிறகு இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். தோள் வெட்டு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை எந்த ராஜாவுக்கும் இருந்திருக்காது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் அல்லவா.

அடுத்த வாரம் துரை எங்களை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். சபாஷ் சொல்லப் போகிறார் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனோம். அவர் மேசையில் அந்தக் கூரை ஓடு இருந்தது, கம்பியும் வயரும் சுற்றி வைத்தபடி. லாரியைப் பழுது பார்த்தவர் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

“யாரு இது வச்சது?” என்றார் துரை. தோட்டத்துத் துரைமாருக்கு அந்தளவு தமிழ் வரும்.

நான் வாயைத் திறக்குமுன், “நாந்தாங்க தொரை. மச்சானுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றான் அவன்.

துரை கோபப்படவில்லை. குரலை உயர்த்தவில்லை. பேட்டரி தோட்டத்துச் சொத்து, அதில் சமைத்தது களவு, லாரி வழியில் நின்றதும் அதனால்தான் என்று கிளார்க்கரிடம் இங்கிலீஷில் சொல்ல, அவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். என்னைப் பார்த்து, “நீ நல்லா ஓட்டி வந்தது” என்றார் துரை. மச்சானுக்குப் பத்துச்சீட்டு.

வெளியே வந்ததும் லாரிக்கு ஓடினேன், ஹேண்டிலை உருவினேன். அன்று அவனுடைய ரத்தம் காய்ந்த அதே இரும்புதான். ஆபீஸ் படிக்குப் போய்விட்டேன். மச்சான் நல்ல கையால் என் இடுப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டான்.

“விடுடா, அவன் மண்டையத் தொறக்காம விட மாட்டேன்!”

“வேணாம் மச்சான். ஒருத்தன் வீட்டு அடுப்பாச்சும் எரியட்டும். தங்கச்சி என்ன பண்ணுவா?”

ஹேண்டிலைக் கீழே போட்டேன். தோட்டத்துத் தொழிலாளர் சங்கத் தலைவர் போய்ப் பேசிப் பார்த்தார். களவு என்று எழுதிவிட்டார்கள், அசைக்க முடியவில்லை என்று திரும்பி வந்தார். சீட்டுக் கிழிந்தவன் லயத்தில் தங்கக் கூடாது, தங்கச்சி காம்பராவாக இருந்தாலும் கூடாது. கோணிப்போன கையையும் களவு என்ற எழுத்தையும் பார்த்துப் பக்கத்துத் தோட்டம் எதிலும் அவன் பெயரைப் பதியவில்லை. கடைசியில் இந்தியாவுக்குப் போகிறேன் என்றான். துறையூருக்குப் பக்கத்தில் அவன் தாத்தாவின் ஊர். அவன் பிறந்தது இந்த மலையில், அந்த ஊரை அவன் கண்ணால் கண்டதில்லை.

அட்டன் ரயிலடிக்கு நான்தான் லாரியில் கொண்டுபோய் விட்டேன், என் மனைவியும் கூட வந்தாள். தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். தகரப் பெட்டியை அவனால் தூக்க முடியவில்லை, நான் ஏற்றி வைத்தேன். “ரேடியேட்டருக்குத் தண்ணிய நல்லாப் பாத்துக்க” என்றான். ரயில் போனது. என் மனைவி பிளாட்பாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரயில் போன பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லாரியில் ஏறிய பிறகு அவள் கேட்டாள்.

“கத்தியும் கம்புமா நின்னவங்க கிட்டேருந்து எங்கண்ணனக் கொண்டாந்தீங்களே. ஒத்தத் தொரை கிட்டேருந்து ஏங்க கொண்டார முடியல?”

நான் செல்ஃபை அழுத்தினேன்.

“அவங்க அடிச்சாங்க, நான் திருப்பி அடிச்சேன். தொரை கையவே தூக்கலியே புள்ள” என்றேன்.